குண்டு வெடித்தாலும் பள்ளிக்கூடம் உண்டு

கேள்வி இதுதான்: “‘டெரி கேர்ள்ஸ்’ தொடரை மூன்று சீசனும் பார்த்து முடித்தேன். இதை எழுதிய லிசா மெக்கீ இந்த ஒரே தொடரில் பெயர் வாங்கியவரா? இதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதினார்? இவ்வளவு ரத்தம் சிந்திய ஊரை வைத்துக்கொண்டு எப்படி இப்படிச் சிரிக்கவைக்க முடிந்தது?”

ஒரே தொடரில் பெயர் வாங்கியவர் என்பது தூரத்திலிருந்து பார்க்கும்போது தோன்றுவது. தொண்ணூறுகளில், வடக்கு அயர்லாந்துச் சண்டைக்கு நடுவே, டெரி நகரத்தில் பள்ளிக்குப் போகும் தோழிகளின் கதை ‘டெரி கேர்ள்ஸ்’. ‘டெரி கேர்ள்ஸ்’ முதல் எபிசோடு 2018 ஜனவரி 4ஆம் தேதி சேனல் 4இல் வந்தபோது லிசா மெக்கீக்கு வயது முப்பத்தேழு. அதற்குள் மேடை நாடகம், உணவகத்துச் சண்டை, பேய்க் கதை, இங்கிலாந்து அரச குடும்பக் கதை, சிம்லாவில் நடக்கும் வெள்ளைக்காரர் காலத்துக் கதை என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதியிருந்தார். சொந்தமாக ஒரு நகைச்சுவைத் தொடரும் எழுதி, அது ஒரே சீசனோடு நின்றும் போயிருந்தது. அந்த நின்றுபோன தொடரைச் சொல்லாமல் ‘டெரி கேர்ள்ஸ்’ எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

மெக்கீ பிறந்தது 1980இல், வடக்கு அயர்லாந்தின் டெரி நகரத்தில். ஊரின் பெயரே அங்கே வம்பு. அரசாங்கத் தாள்களில் லண்டன்டெரி. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்று நினைக்கும் கத்தோலிக்கர்களுக்கு வெறும் டெரி. நெடுஞ்சாலைப் பலகையில் ‘லண்டன்’ என்ற பகுதியை மட்டும் யாராவது சாயம் பூசி அழித்துவிட்டுப் போவது அங்கே சகஜம். அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1972 ஜனவரி 30ஆம் தேதி, அதே ஊரின் தெருவில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் அன்றே பதின்மூன்று பேர் இறந்தார்கள். அயர்லாந்தோடு சேர நினைத்த கத்தோலிக்கர்களுக்கும் பிரிட்டனோடு இருக்க நினைத்த புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே அறுபதுகளின் கடைசியில் தொடங்கி 1998 வரை இழுத்த சண்டையில் இறந்தவர்கள் 3,500க்கும் மேல். இத்தனைக்கும் அந்த மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘த ட்ரபிள்ஸ்’. தொல்லைகள், அவ்வளவுதான். முப்பது ஆண்டுச் சாவைத் தண்ணீர் வராத தொல்லை, பஸ் வராத தொல்லை என்பதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துபோகும் ஊர். மெக்கீயின் நகைச்சுவை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்பேன்.

படித்தது அங்கேயே தார்ன்ஹில் கல்லூரியில். பெயரில் கல்லூரி இருந்தாலும் அது கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடம். பிறகு பெல்ஃபாஸ்டில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். தொடக்கம் மேடையில்தான். ‘கேர்ள்ஸ் அண்ட் டால்ஸ்’ நாடகம் 2006இல் மேடையேறியது. அதே காலத்தில் லண்டன் நேஷனல் தியேட்டரில் சேர்ந்து எழுதும் வாய்ப்பும் கிடைத்தது. ‘ஜம்ப்’ என்ற இன்னொரு நாடகம் பின்னால் திரைப்படமாகவும் வந்தது. மேடையில் பழகியதை அவர் விடவே இல்லை. ஐந்தாறு பேரை ஒரே அறையில் நிறுத்தி, எல்லோரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டு, அதில் ஒரு சொல்கூடத் தொலையாமல் பார்த்துக்கொள்வது மேடைக்காரர்களின் வித்தை. ‘டெரி கேர்ள்ஸ்’ சமையலறைக் காட்சிகளில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

தொலைக்காட்சிக்கு வந்த பிறகு நடந்தது பிழைப்பு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு சீசன் என்றால் பெரும்பாலும் ஆறு எபிசோடுதான். அமெரிக்காவைப்போலப் பத்துப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதும் வழக்கம் குறைவு. சொந்தத் தொடர் கிடைக்கும்வரை அடுத்தவர் தொடரில் ஒன்றோ இரண்டோ எபிசோடு எழுதித்தான் காலம் தள்ள வேண்டும். அது அடுத்தவர் அடுப்பில் சமைப்பது மாதிரி. பாத்திரங்கள் அவர்களுடையவை, காரமும் அவர்கள் அளவு. மெக்கீ அப்படிச் சமைத்த வீடுகள் பல: பேயும் ரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் ஒரே வீட்டில் குடியிருக்கும் ‘பீயிங் ஹ்யூமன்’, பதினைந்தாம் நூற்றாண்டு அரச வம்சச் சண்டையைச் சொல்லும் ‘த ஒயிட் குவீன்’, 1930களின் சிம்லாவில் நடக்கும் ‘இண்டியன் சம்மர்ஸ்’. கடைசியாகச் சொன்னதில் சிம்லாவாக நடித்தது மலேசியாவின் பினாங்கு.

நடுவில் அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇக்காக ‘ரா’ என்ற தொடரை உருவாக்கினார். டப்ளின் உணவகம் ஒன்றின் சமையலறையும் அதில் வேலை பார்க்கும் இளைஞர்களும்தான் கதை. 2008இல் தொடங்கி 2013 வரை ஓடியது. சிரிப்புத் தொடர் அல்ல. ஆனால் குறுகிய இடம், அவசரம், எல்லோரும் கத்துவது என்ற மூன்றும் அதிலேயே வந்துவிட்டன.

2013இல் சேனல் 4 அவருக்குச் சொந்தமாக ஒரு நகைச்சுவைத் தொடர் கொடுத்தது. பெயர் ‘லண்டன் ஐரிஷ்’. வடக்கு அயர்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்து குடித்துக்கொண்டும் வாயாடிக்கொண்டும் திரியும் நான்கு இளைஞர்கள். ஆறு எபிசோடு. ஐரிஷ்காரன் என்றால் குடிகாரன் என்ற பழைய கேலியையே திருப்பிச் சொல்கிறது என்று வசை வாங்கியது. இரண்டாவது சீசன் வரவில்லை.

எனக்கு அந்த வசை பாதிதான் நியாயமாகப் படுகிறது. வசனம் அதிலும் கூர்மையாகத்தான் இருக்கிறது. சில இடங்களில் ‘டெரி கேர்ள்ஸ்’ஸைவிட வேகம். குறை வேறு இடத்தில். அந்த நால்வரைத் திட்டுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அம்மா இல்லை, கன்னியாஸ்திரீ இல்லை, “உன் அப்பனிடம் சொல்கிறேன் இரு” என்று மிரட்ட ஒரு பக்கத்து வீட்டுக்காரி இல்லை. ஊரிலிருந்து பிடுங்கி லண்டனில் நட்ட பிறகு அவர்கள் செய்யும் அட்டகாசத்துக்குப் பயம் என்ற எதிர்ப்பக்கம் போய்விட்டது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இல்லாத சேட்டையில் பார்ப்பவருக்கு என்ன இருக்கிறது? இன்னொன்று, லண்டனில் இருக்கும் ஐரிஷ்காரன் எப்போதும் லண்டன்காரன் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறான். தான் யார் என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. விளக்கம் நுழைந்த இடத்தில் சிரிப்பு வெளியேறிவிடும்.

‘டெரி கேர்ள்ஸ்’ இதை அப்படியே திருப்பிப் போட்டது. இந்த முறை ஐரிஷ்காரர்கள் லண்டனுக்குப் போகவில்லை; எரின், ஓர்லா, மிஷேல், கிளேர் என்ற நான்கு தோழிகள் இருக்கும் டெரிக்கு ஓர் இங்கிலீஷ் பையன் வருகிறான். ஜேம்ஸ். ஆண்கள் பள்ளியில் சேர்த்தால் அவன் பேச்சைக் கேட்டதுமே அடித்துத் துவைத்துவிடுவார்கள் என்று பயந்து பெண்கள் பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கே ஆண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. இப்போது விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவன் அவன். ஊர்க்காரர்கள் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. அவர்கள் பேசும் வேகத்தில் அவனுக்குப் பாதி புரிவதில்லை, நமக்கும் புரிவதில்லை. பார்வையாளரை வாசலில் நிற்கவைத்துவிட்டு வீட்டுக்குள் தன்பாட்டில் சண்டை போட்டுக்கொள்ளும் துணிச்சல் 2013இல் அவருக்கு இல்லை, 2018இல் வந்திருந்தது.

தயாரித்தது ஹாட் ட்ரிக் நிறுவனம். தொண்ணூறுகளில் ‘ஃபாதர் டெட்’ தொடரைச் சேனல் 4க்குக் கொடுத்ததும் இவர்கள்தான். ஐரிஷ் பாதிரியார்களைப் பற்றிய புகழ்பெற்ற தொடரும் ஐரிஷ் பள்ளிப் பெண்களைப் பற்றிய புகழ்பெற்ற தொடரும் லண்டன் நிறுவனத்தின் கைவழியாக, லண்டன் சேனலின் பணத்தில்தான் உலகத்துக்குப் போயின என்பது அயர்லாந்தில் பலருக்கு இன்னும் உறுத்தல். எரினின் அப்பா ஜெரியாக வரும் டாமி டீர்னன் அந்தப் பழைய தொடரிலும் மனச்சோர்வு பிடித்த பாதிரியாராக ஒரு முறை தலைகாட்டியவர். மூன்று சீசனையும் இயக்கியவர் மைக்கேல் லெனாக்ஸ். பத்தொன்பது எபிசோடையும் எழுதியவர் மெக்கீ.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ரத்தம் சிந்திய ஊரை வைத்து எப்படிச் சிரிக்கவைத்தார்?

முதல் எபிசோடின் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். பாலத்தில் குண்டு வைத்திருக்கிறார்கள், போக்குவரத்து இல்லை என்று செய்தி வருகிறது. யார் வைத்தார்கள், எத்தனை பேர் சாவார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எரினின் அம்மா மேரிக்குக் கவலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இன்னொரு நாள் வீட்டிலேயே கிடப்பார்களோ என்பது. கோடை விடுமுறை முழுவதும் பட்டது அவளுக்குப் போதும். சித்தி சாராவுக்குக் கவலை, தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளப் போட்டுவைத்த அப்பாயின்ட்மென்ட் தவறிவிடுமே என்பது. பள்ளி பஸ்ஸில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் ஏறிச் சோதிக்கும்போது மிஷேலின் கவனம் அவர்களில் எவன் அழகன் என்பதில்.

இதை ‘கறுப்பு நகைச்சுவை’ என்று சிலர் எழுதினார்கள். அந்தப் பெயர் பொருந்தாது. கறுப்பு நகைச்சுவை சாவைப் பார்த்துச் சிரிக்கும். இங்கே யாரும் சாவைப் பார்க்கவே இல்லை. சாவு அவர்கள் போகும் வழியில் குறுக்கே நிற்கிறது, எரிச்சலாக இருக்கிறது. டேக் தட் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்காகப் பெல்ஃபாஸ்டுக்குப் போகக் கூடாது என்று மேரி தடுக்கும் எபிசோடில் அவள் சொல்லும் காரணம் குண்டு அல்ல, விலங்குக் காட்சிசாலையிலிருந்து தப்பிய பனிக்கரடி. ராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வளர்ந்த பிள்ளைகளை வளர்த்தவளுக்குப் பயப்படுவதற்கு ஒரு கரடி தேவைப்படுகிறது. அதே பயணத்தில் மிஷேலின் வோட்கா நிரம்பிய பெட்டியைக் குண்டு என்று நினைத்து ராணுவம் வெடிக்கவைக்கிறது. ஒவ்வொரு எபிசோடிலும் பிள்ளைகளுக்கு வேண்டியது மிகச் சின்ன விஷயம்: பாரிஸ் சுற்றுலாவுக்குப் பணம், தேர்விலிருந்து தப்பிக்க ஓர் அற்புதம், ஆட்டத்துக்கு ஒரு ஜோடி. அந்தச் சின்ன விஷயத்தை அவர்கள் ஒரு கணமும் விடுவதில்லை. வரலாறுதான் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

வழிவிடாத இடம் ஒன்று உண்டு, அது முதல் சீசனின் கடைசிக் காட்சி. பள்ளி மேடையில் ஓர்லா தனியாக ஏதோ உடற்பயிற்சி நடனம் ஆடுகிறாள். அரங்கம் சிரிக்கிறது. தோழிகள் நால்வரும் மேடையேறி அவளோடு கோணல்மாணலாக ஆடுகிறார்கள் (ஜேம்ஸையும் தோழி என்றே எண்ணுகிறேன், இரண்டாம் சீசனின் முடிவில் அவனே கத்திச் சொல்லிவிட்டான்). அதே நேரம் வீட்டில் தொலைக்காட்சியில் குண்டுவெடிப்புச் செய்தி: பன்னிரண்டு பேர் பலி. பெரியவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். தாத்தா ஜோ, சீசன் முழுவதும் மருமகன் ஜெரியைக் கரித்துக் கொட்டியவர், எந்நேரமும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து அவனைக் கையாலாகாதவன் என்று ஏசியவர், மெல்ல வந்து ஜெரியின் தோளில் கை வைக்கிறார். ஒரு சொல்கூட இல்லை. மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே ஆறு எபிசோடாக ஓடிய ஒரே நகைச்சுவையை எடுத்து, அதைக் கொண்டே அந்த ஒரு வினாடியை மெக்கீ கட்டியிருக்கிறார். ஜோ முன்பு ஒரு தடவையாவது ஜெரியிடம் நன்றாகப் பேசியிருந்தால் அந்தக் கைக்கு எடை இருந்திருக்காது. தொடர் எழுத ஆசைப்படுகிறவர்கள் யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தை.

இன்னொரு இடம் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் வரும் கரும்பலகை. கத்தோலிக்கப் பெண்களையும் புராட்டஸ்டன்ட் பையன்களையும் ஒரு வார இறுதி ஒன்றாகத் தங்கவைத்து நட்பை வளர்க்க ஒரு முகாம். இரண்டு தரப்புக்கும் உள்ள ஒற்றுமைகளைச் சொல்லுங்கள் என்று இளம் பாதிரியார் பலகையில் தலைப்பு எழுதிக் காத்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. வேற்றுமைகளுக்கு மட்டும் பலகை நிரம்பி வழிகிறது. புராட்டஸ்டன்டுகள் டோஸ்டரை அலமாரிக்குள் வைப்பார்கள். அவர்களுக்கு ‘ஆபா’ (ABBA) இசைக்குழுவைப் பிடிக்காது. கத்தோலிக்கர்களுக்குச் சிலை என்றால் உயிர். முப்பது ஆண்டுப் பகையின் காரணங்களைப் பட்டியலிடச் சொன்னால் பிள்ளைகளிடமிருந்து வருவது டோஸ்டர். அந்தப் பலகை இப்போது பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, உண்மையாகவே, காட்சிப் பொருளாக.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் சேனலுக்கு எழுதும்போது வட்டார வழக்கைக் கொஞ்சம் தணித்துக்கொள்வதுதான் வழக்கமான புத்திசாலித்தனம். மெக்கீ தணிக்கவில்லை. ‘வீ’ என்றால் சின்ன. ஆனால் டெரிக்காரர் வாயில் அது அளவைக் குறிப்பதில்லை, நாம் பேச்சில் ‘கொஞ்சம்’ சேர்ப்பதுபோல எதன் முன்னாலும் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த பையனான ஜேம்ஸும் அவர்களுக்கு ‘வீ இங்கிலீஷ் ஃபெல்லா’தான். குழந்தைக்கு ‘வெயின்’. ‘கேட்ச் யர்செல்ஃப் ஆன்’ என்றால் புத்தி கெட்டுப் பேசாதே. இங்கிலாந்துக்காரர்களே வசன எழுத்துகளை ஓடவிட்டுத்தான் பார்த்தார்கள். வடக்கு அயர்லாந்தில் எழுத்து தேவைப்படவில்லை. 2002இல் தொலைக்காட்சிப் பார்வையாளர்களின் நவீனக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அங்கே மிக அதிகம் பேர் பார்த்த தொடர் இது என்றானது. 2019 தொடக்கத்தில் டெரி நகரத்தின் ஆர்ச்சர்ட் தெருவில், ஒரு மதுக்கடையின் பக்கச் சுவர் முழுவதும் ஐந்து பேரின் முகத்தையும் வரைந்தார்கள். துப்பாக்கி ஏந்தியவர்களும் இறந்துபோனவர்களும் மட்டுமே சுவர்களில் பெரிதாக இருந்த ஊர் அது.

தொடரில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் சீசனில் ஜேம்ஸுக்கும் எரினுக்கும் இடையே நுழைத்த காதல் இழை இல்லாமலே அது நடந்திருக்கும். ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துப் பார்த்தால் சில பாட்டுகளும் சில சம்பவங்களும் ஒன்றோடொன்று இடிக்கும். மெக்கீக்கு அதில் பெரிய அக்கறை இல்லை என்றுதான் தெரிகிறது; தொண்ணூறுகளை அவர் நினைவிலிருந்து எழுதினார், நாட்காட்டியிலிருந்து அல்ல.

ஆனால் 2022 மே 18ஆம் தேதி வந்த நிறைவு எபிசோடில் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். 1998 மே 22, சமாதான ஒப்பந்தத்துக்கான வாக்கெடுப்பு. ஒப்பந்தத்தில் சிறைக் கைதிகளை விடுவிக்கும் ஏற்பாடும் இருந்தது. மிஷேலின் அண்ணன் நியால் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவன் என்பதை நமக்கு அதில்தான் முழுதாகச் சொல்கிறார். மூன்று சீசனாக வாய் ஓயாமல் பேசிய மிஷேல் ஒருபோதும் பேசாத விஷயம் அது. கொன்றவனை விடலாமா என்று எரினுக்குத் தயக்கம். மிஷேலுக்கோ அவன் அண்ணன். தோழிகள் உடைகிறார்கள். எரினுக்கு யாரும் எளிதான விடை கொடுப்பதில்லை. தாத்தா ஜோ மட்டும், இனி யாரும் சாகாமல் போனால் எப்படி இருக்கும் என்று அவளையே யோசிக்கவைக்கிறார். அன்று வடக்கு அயர்லாந்தில் நூற்றுக்கு 71 பேர் ஆம் என்று வாக்களித்தார்கள். பார்ப்பவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடைக்கிறது என்றால் எழுத்து வேலை செய்திருக்கிறது.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023இல் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவின் சிறந்த நகைச்சுவைத் தொடர் விருது. அன்றைக்கே பள்ளித் தலைமையாசிரியையான கன்னியாஸ்திரீ சிஸ்டர் மைக்கேலாக நடித்த ஷிவோன் மெக்ஸ்வீனிக்கும் விருது. அதே ஆண்டு சர்வதேச எம்மியின் நகைச்சுவைப் பிரிவில் சமநிலை ஏற்பட்டு இருவருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் மெக்கீ குழு, இன்னொருவர் நம் நாட்டு நகைச்சுவைக் கலைஞர் வீர் தாஸ். நம் செய்தித்தாள்கள் வீர் தாஸ் படத்தைப் போட்டதில் அந்த இன்னொரு பாதி பலர் கண்ணில் படவில்லை.

பிறகு என்ன? நடுவிலேயே, 2020இல், கணவர் டோபியாஸ் பியருடன் சேர்ந்து ‘த டிசீவ்ட்’ என்ற மர்மக் கதையைச் சேனல் 5க்கு எழுதினார். சிரிக்க எதுவும் இல்லாத கதை. எனக்கு அது சுமார்தான். ‘டெரி கேர்ள்ஸ்’ முடிந்த பின் நெட்ஃபிளிக்ஸுக்கு எழுதியது ‘ஹௌ டு கெட் டு ஹெவன் ஃப்ரம் பெல்ஃபாஸ்ட்’. பள்ளித் தோழிகளாக இருந்த மூவர், முப்பதுகளின் கடைசியில், நான்காவது தோழியின் சாவு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். மர்மமும் சிரிப்பும் கலந்தது. மறுபடி தோழிகள், மறுபடி பள்ளி நினைவு, இந்த முறை திட்டுவதற்கு அம்மாக்கள் பக்கத்தில் இல்லாத வயது. ‘லண்டன் ஐரிஷ்’ தடுக்கி விழுந்த அதே மேடு.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்பீர்களானால், கிடைத்தால் ‘லண்டன் ஐரிஷ்’ முதல் இரண்டு எபிசோடைப் பாருங்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே ‘டெரி கேர்ள்ஸ்’ முதல் எபிசோடை மறுபடி போடுங்கள், இந்த முறை மேரியை மட்டும் கவனித்துக்கொண்டு.